தொண்ணூறு நாட்களுக்குள் எடுத்துச் செல்லவும்

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மூக்குக் கண்ணாடி மேல் சத்தியம். வாயில் மிச்சமிருக்கும் பதினொரு பற்கள் மேல் சத்தியம். யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. அங்கேயே இருந்து, என் இரண்டு கண்ணால் பார்த்து, இரண்டு காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். இதில் ஒரு பொய் இருந்தாலும் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். நல்ல காகிதம்தான், தோலை உரசாது.

சத்தியம் செய்தாயிற்று. இனி நிம்மதியாகச் சொல்லலாம்.

கதை எனக்குக் கிடைத்த விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சலவைக்கடைக்குப் போனேன், போட்டிருந்த கோட்டை வாங்க. கணினிக்கு முன்னால் இருந்த பெண் என் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் ரெடி ஆகலை சார். நாளைக்கு வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா வாயோரச் சிரிப்பு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கோட் இல்லாம ரொம்பக் கஷ்டமா சார்?"

"இல்லம்மா. நீ சொன்ன வார்த்தையில ஒரு உயிர் தப்பிச்சிருக்கு, தெரியுமா?"

அவள் தம்ளரை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் இரண்டடி தள்ளி நின்றாள். நான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "நகரம் மெல்லச் சோம்பல் முறித்து எழுந்துகொண்டிருந்த ஓர் இளங்காலைப் பொழுதில்

(நிறுத்திவிட்டேன். நகரம் எழுந்தால் எனக்கென்ன, படுத்தால் எனக்கென்ன.)

இரண்டாவது: "பொறாமை என்பது மனித மனத்தின் ஆதி நெருப்பு. அன்பின் நிழலில் அது

(எனக்கே கொட்டாவி வந்தது. இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.)

மூன்றாவது: "ஒரு சலவைக்கடைக்காரருக்கு இரண்டாவதாக ஒரு குழந்தை பிறந்தது. முதல் குழந்தை, அந்தக் குழந்தையின் சொந்தக்காரரைத் தேடத் தொடங்கியது."

இதை வைத்துக்கொண்டேன். உடனே தொலைபேசியை எடுத்து கணக்கு டீச்சருக்குப் படித்துக் காட்டினேன்.

கணக்கு டீச்சர் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். நான் எழுதுவதை முதலில் கேட்பவர், அதில் ஒரு வரியையும் நம்பாதவர். இந்தக் கதை நடந்த இடத்தில் அவரும் இருந்தார். அதனால் அவரிடம் படித்துக் காட்டாமல் தப்ப முடியாது.

"சொந்தக்காரரைத் தேடிச்சா? அப்பா அம்மா பக்கத்துலயே இருக்கறப்ப எதுக்குடா சொந்தக்காரர்?"

"அதுதான் கதையே."

"அப்படி ஒன்னும் நடக்கலை."

"நான் பார்த்தேன்."

"நீ பார்த்தே!" என்றார் டீச்சர். ஒரு கணக்கு டீச்சர் இந்த இரண்டு சொல்லை எப்படிச் சொல்வார் என்று பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும்.

3

முதலில் கடையைப் பார்த்துவிடுங்கள், பிறகு குழப்பம் வராது.

ரயில் பெட்டி மாதிரி நீளமான கடை. வாசலில் மரக் கவுண்டர். அதற்குப் பின்னால் கூரையிலிருந்து தொங்கும் மூன்று இரும்புக் கம்பிகள், அவற்றில் கோட்டுகள், கவுன்கள், கால்சட்டைகள். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் தலையில்லாத ஒரு கூட்டம் அந்தரத்தில் வரிசை கட்டி நிற்பது போலிருக்கும். (நான் எப்போதும் கீழே இருந்து அண்ணாந்துதான் பார்த்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.) அதற்கும் பின்னால் ஒரே நீராவி. அந்த நீராவிக்குள் இருந்து ஓர் ஆள் அவ்வப்போது வெளியே வருவார்: இஸ்திரி போடுகிறவர். அவருக்குக் கடையில் ஆவி அண்ணன் என்று பெயர்.

யாராவது ஒரு துணியை நீட்டினால் கடைக்காரர் அதை விளக்கடியில் விரித்து, திருடனைச் சோதிப்பது போலச் சோதிப்பார். பிறகு சீட்டு எழுதுவார். சீட்டின் மேல்பாதியில் நான்கு கட்டம்: எண், பொருள், நிறம், குறை. கடைக்காரரின் உயிரே அந்தக் 'குறை' கட்டத்தில்தான் இருந்தது. துணி வரும்போதே இருந்த கறை, ஓட்டை, அறுந்த பொத்தான் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுவார். பின்னால் யாரும் வந்து "உங்க கடையிலதான் கிழிஞ்சுது" என்று நிற்க முடியாது. கீழ்ப்பாதியில் வெறும் எண் மட்டும். சீட்டை நடுவில் கிழித்து மேல்பாதியை ஊக்கால் துணியில் குத்துவார், கீழ்ப்பாதியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பார். இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் பொருள் வெளியே போகும். சேர்ந்துவிட்டால், போயே ஆக வேண்டும்.

துணியிலிருந்து எண்ணைக் கழற்றுவது அந்தக் கடையில் கொலைக் குற்றத்துக்குச் சமம். கவுண்டருக்கு மேலே ஒரு பலகையும் உண்டு: 'தொண்ணூறு நாட்களுக்குள் எடுத்துச் செல்லவும். அதன்பின் நிர்வாகம் பொறுப்பல்ல.'

அதன்பின் என்ன ஆகும் என்று பலகை சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தொண்ணூற்றோராம் நாள் அந்தத் துணி கடைக்காரர் வீட்டுக்குப் போகும். அந்தக் குடும்பத்தில் யாரும் புதுத் துணி வாங்கியதே இல்லை. கடைக்காரர் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, யாரோ ஒரு பேண்டு வாத்தியக்காரர் மறந்துவிட்டுப் போன சிவப்புக் கோட்டைப் போட்டிருப்பார், தோளில் தங்கக் குஞ்சம் ஆடும். ஜன்னல் திரை முன்பு ஒரு கல்யாண கவுனாக இருந்தது. மூத்த பெண் பள்ளிக்கூடம் போனது மிகக் குள்ளமான ஒரு விமானியின் சட்டையில்.*

* "அது விமானி சட்டை இல்லை, பஸ் கண்டக்டர் சட்டை" என்கிறார் டீச்சர். மேலே பறக்கிறவனை நான் ஏன் தரையில் இறக்க வேண்டும்? விமானியே இருக்கட்டும்.

4

மூத்த பெண்ணுக்கு ஆறு வயது. வீட்டில் அவள் பெயர் பாப்பா, கடையில் மேனேஜர்.

மேனேஜர் பதவி அவளாகச் சம்பாதித்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உயரமான ஸ்டூல் ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் ஏறிக்கொள்வாள். வாடிக்கையாளர் நீட்டும் சீட்டை வாங்கி, கடை அதிரக் கத்துவாள்:

"முந்நூத்திப் பன்னெண்டு! சாம்பல் கோட்! கையில மைக் கறை!"

நீராவிக்குள்ளிருந்து பதில் வரும்: "வருது மேனேஜர்!"

எண்ணைப் பார்த்தவுடன் துணியும் குறையும் அவளுக்கு மனப்பாடம். ஊரே அந்தக் கத்தலைக் கேட்கத் துணியை அழுக்காக்கியது என்று எழுத நினைத்தேன், சத்தியம் செய்திருப்பதால் விட்டுவிட்டேன். பாதி ஊர்.

பிறகு அந்தக் குழந்தை வந்தது. ஆண் குழந்தை. ஐந்தாவது வாரத்திலிருந்து கடைக்காரம்மா அதைத் துணிக் கூடையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். கூடை வைக்க இடம் வேண்டுமே? உயரமான ஸ்டூல் பின்னால் போனது. ஸ்டூல் இருந்த இடத்தில் ஒரு குட்டை மேஜை, மேஜை மேல் கூடை.

குழந்தை தூங்குவதால் எண் கத்துவதும் நின்றது. கடைக்காரர் இப்போது எண்களைக் காதோடு காதாகச் சொன்னார். ஏதோ களவாடிய பொருளை விற்பது போலிருந்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒருநாள் கடைக்காரர் சொன்னார்:

"அக்கா, அந்தத் துண்டை எடு."

அவள் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தாள். அக்கா என்று யாரும் வந்திருக்கவில்லை.

"யாருப்பா அக்கா?"

"நீதான்."

"நான் உங்களுக்கு எப்படி அக்கா? நீங்கதானே பெரியவங்க?"

"பாப்பாவுக்கு அக்கான்னு சொன்னேன்."

"நான்தான் பாப்பா."

"அது போன மாசம்" என்றார் கடைக்காரர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாயில் நான்கு ஊக்கைக் கவ்விக்கொண்டிருக்கும் மனிதரால் நீளமாகப் பேச முடியாது.

நீராவியிலிருந்து தலையை நீட்டி, "என்ன மேனேஜர், வேலை போச்சா?" என்றார் ஆவி அண்ணன். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தக் கடையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் கூடைக்குள் எட்டிப் பார்த்து "பாப்பா, பாப்பா" என்றார்கள், அவ்வளவுதான். ஆறு வருடம் அவள் போட்டிருந்த பெயரை, அளவுகூடப் பார்க்காமல் எடுத்து அதற்கு மாட்டிவிட்டார்கள்.

5

நாற்பதாவது நாள் அவளுக்கு ஆதாரம் கிடைத்தது.

பொத்தான் டப்பாவில் நீலப் பொத்தான் தேடினாள். அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை. அதில் எண் 417, ஒரு தேதி. ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் கட்டிவிட்டது. கடைக்காரம்மா அதைக் கத்தரித்து ஞாபகத்துக்காகப் போட்டு வைத்திருந்தார்.

ஞாபகத்துக்காக என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சலவைக்கடையில் வளர்ந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்று பாருங்கள்: எண். தேதி. கத்தரிக்கோல் தடம். ஒளித்துவைத்த இடம். யாரோ கொடுத்த பொருளிலிருந்து யாரோ எண்ணை வெட்டியிருக்கிறார்கள். அதுவும் அவளுடைய சொந்த அம்மா.

நேராக அப்பாவிடம் போனாள்.

"பாப்பாவை எங்கேருந்து எடுத்துட்டு வந்தீங்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்து."

"சும்மாவா குடுத்தாங்க?"

"கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தாங்க."

"வேற யாராவது தேடி வந்தாங்களா?"

"இதுவரைக்கும் இல்லை" என்றார் கடைக்காரர். அன்றைக்கும் வாயில் ஊக்கு.

இதுவரைக்கும் இல்லை! அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொந்தக்காரர் எங்கோ கீழ்ப்பாதிச் சீட்டோடு, இல்லை அதைத் தொலைத்துவிட்டு, இருக்கிறார். தொண்ணூறு நாளுக்குள் வந்தால் பொருள் அவருக்கு. வராவிட்டால் பேண்டுக் கோட்டு மாதிரி, கல்யாணத் திரை மாதிரி, ஆயுசுக்கும் நமக்கு. அதன்பின் அவள் ஒருபோதும் பாப்பா ஆக முடியாது.

ஒரு பழைய டப்பாவில் நாற்பது ஊக்கு எண்ணிப் போட்டாள். அன்றிலிருந்து நாளுக்கு ஒன்று.*

* தேதி போட்ட முதல் நாளையும் சேர்த்து எண்ணுவதா, கூடாதா என்று டீச்சர் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார். நடக்கவே இல்லை என்று சொன்ன விஷயத்துக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்டேன். "கணக்குன்னா கணக்கு" என்று வைத்துவிட்டார்.

ஆமாம், நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். அந்த மேனேஜர்தான் இந்தக் கணக்கு டீச்சர்.

6

சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குழந்தை யார் ஜாடை என்று பார்த்தால் போதுமே.

அவள் குழந்தையை விளக்கடியில் சோதித்தாள். அப்பா செய்வது போலவே, முன்புறம், பின்புறம், மடிப்புகளுக்குள். நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து குறைகளைக் குறித்துக்கொண்டாள். எப்போது அழுகிறது, எதற்கு அழுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, என்ன செய்தால் நிறுத்துகிறது. புகார் என்றால் முழுசாக இருக்க வேண்டும்.

எழுபத்தொன்பதாவது நாள் ஒரு நீதிபதி கறுப்புக் கோட்டோடு வந்தார். தலையில் ஒரு முடி இல்லை. உருண்டை முகம், சிவந்த கன்னம். கோட்டைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். வாயோரம் கொஞ்சம் எச்சில் வழிந்தது.

அவள் கூடையைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். இனி என்ன ஆதாரம் வேண்டும்?

வெற்றுச் சீட்டு ஒன்றில் நான்கு கட்டத்தையும் நிரப்பினாள். கீழேயும் பட்டையில் இருந்த அதே எண்ணை எழுதினாள். நடுவில் கிழித்தாள். மேல்பாதியைக் கூடையின் விளிம்புத் துணியில், குழந்தைக்கு எட்டாத பக்கமாக, ஊக்கால் குத்தினாள். கீழ்ப்பாதியை நீதிபதியின் கோட்டுச் சீட்டோடு சேர்த்து அவர் கையில் செருகினாள். அவர் தூக்கத்திலேயே மூடிக்கொண்டார்.

கூடையில் குத்திய சீட்டை யாரும் கவனிக்கவில்லை. சலவைக்கடையில் எதன் மேலும் ஒரு சீட்டு இருக்கும்.

7

(இந்த இடத்தில் எனக்கு நீதிபதி மேல் கொஞ்சம் அவநம்பிக்கை வந்தது. டீச்சரிடம் கேட்டேன்.

"அவர் நீதிபதியும் இல்லை, ஒன்னும் இல்லை. கோர்ட்டுல டைப் அடிக்கறவர்."

"அப்ப கறுப்புக் கோட்டு?"

"சாவு வீட்டுக்குப் போக வச்சிருந்தார்."

உண்மையைச் சொன்னால், நான்தான் அவரை நீதிபதி ஆக்கினேன். முப்பது வருடம் மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்த மனிதர். ஒரே ஒரு நாள் தீர்ப்புச் சொல்லட்டுமே என்று பார்த்தேன். கதைக்குள் பதவி உயர்வு கொடுக்க யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. இதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.)

8

மறுநாளே நீதிபதி கோட்டுக்கு வந்தார்.

"இன்னும் ரெடி ஆகலை சார். நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர்.

எண்பத்தோராம் நாள் வந்தார். "நாளைக்கு வாங்க." எண்பத்திரண்டு. "நாளைக்கு வாங்க." அந்தக் கடையில் எல்லாவற்றையும்விடச் சுத்தமாக வெளுக்கப்பட்ட வாக்கியம் அதுதான். டப்பாவில் ஊக்கு ஏறிக்கொண்டே போனது. மேனேஜருக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, அந்தக் கறுப்புக் கோட்டை முதல்ல முடிச்சுக் குடுங்களேன்."

"அவருக்கு என்ன அவசரம்?"

"அவருக்கு இல்லை."

எண்பத்தொன்பதாவது நாள் கோட்டு தயார். நீதிபதி கவுண்டரில் இரண்டு பாதிச் சீட்டை வைத்தார்.

"நீங்க ஒரு கோட்டுதானே சார் குடுத்தீங்க?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா சீட்டு ரெண்டு இருக்கே."

"இன்னொன்னு என்னன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"இல்லை. ஆனா குடுத்திருக்கேன்."

கடைக்காரர் முகம் வெளுத்தது. எழுத்தில் சந்தேகம் வரவில்லை. அவருடைய கையெழுத்தே ஆறு வயதுக் கையெழுத்துதான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கைக்குட்டை தொலைந்ததில்லை அந்தக் கடையில். 417ஐத் தேடினார்கள். கம்பிகளில், மெஷினுக்குள், மெஷினுக்கு அடியில். ஆவி அண்ணன் நீராவிக்குள் போய் வெறுங்கையோடு வந்தார். கடைக்காரர் தான் போட்டிருந்த கால்சட்டையையே ஒருமுறை சந்தேகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது பாதிச் சீட்டை எடுத்துக்கொண்டு நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் கூடை. கூடையில் சீட்டு. தன் கையில் இருந்த பாதியை அதோடு சேர்த்துப் பார்த்தார். கிழிசலுக்குக் கிழிசல் பொருந்தியது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்:

"எண், நானூற்றுப் பதினேழு. பொருள், பாப்பா ஒன்று. நிறம், சிவப்பு. குறை: பல் இல்லை. முடி இல்லை. நடக்காது. சத்தம் நிற்காது."

நீராவிகூட ஒரு நிமிடம் நின்றுபோனது. பின்னால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா ஊசியோடு எழுந்து வந்தார்.

நீதிபதி கூடைக்குள் பார்த்தார். எதிரில் இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். "ஜாடை இருக்கு" என்றார்.

"சார், அது எங்க புள்ளை சார்!"

"சீட்டு அப்படிச் சொல்லலையே. ரெண்டு பாதியும் சேர்ந்தா பொருள் வெளியே போகணும். உங்க கடைச் சட்டம்தானே?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். சட்டம் அதுதான்.

"என்னங்க, யோசிக்கிறீங்களா?" என்றார் கடைக்காரம்மா. அந்தக் கேள்வி அவர்களுடைய மணவாழ்க்கையில் பிறகு பல வருடம் பயன்பட்டது. உடனே மகள் பக்கம் திரும்பினார். "இது யாரு பண்ணின வேலை?"

"எழுதினவங்களே பேசட்டும்மா" என்று நீதிபதி கையைத் தூக்கினார். "என்ன மேனேஜர், எடுத்துட்டுப் போகலாமா?"

அவளை ஒருவர் மரியாதையாக மேனேஜர் என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! அவள் நிமிர்ந்து நின்றாள். தலையாட்டத்தான் போனாள். அதற்குள் நீதிபதி குழந்தையைத் தூக்கினார், கோட்டைத் தூக்குவது போல, இரண்டு தோளையும் பிடித்து.

"ஐயோ, அப்படி இல்லை! தலைக்குக் கீழ கை குடுங்க! தலை நின்னு நாலு நாள்தான் ஆகுது!"

"அப்படியா? வேற என்ன?"

"இடது பக்கம் சாய்ச்சாதான் தூங்கும். விளக்கைப் பார்த்தா தும்மும். வலது கால் சாக்ஸ் மட்டும் கழண்டுடும்."

"அழுதா?"

"பாட்டுப் பாடினா இன்னும் அழும். நம்பர் சொல்லணும். முந்நூறுலேருந்து சத்தமாச் சொன்னா முந்நூத்திப் பத்துக்குள்ள நிறுத்திடும்."

"சத்தமாவா?" என்றார் கடைக்காரம்மா. "இது எனக்கே தெரியாதே."

"யாரும் இல்லாதப்ப சொல்லிப் பார்த்தேன்."

ஆவி அண்ணன் எதற்கோ மறுபடி நீராவிக்குள் போய்விட்டார்.

"சரி. எல்லாம் கேட்டுக்கிட்டேன். கிளம்பறேன்" என்று நீதிபதி எழுந்து வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தார். மேனேஜர் வாயைத் திறந்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு விக்கல் எடுத்தது. விக்கலில் மனிதனுக்குக் காது கேட்பதில்லை. அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

9

இத்தனை வருடமாக என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்றை நானே தைத்தேன்.

கடைக்காரர் சொன்ன முடிவு: அவள் கவுண்டருக்குப் பின்னால் ஓடிப்போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, "இன்னும் ரெடி ஆகலை சார். நாளைக்கு வாங்க" என்றாள்.

"எப்பத்தான் ரெடி ஆகும்?"

"பல்லு வைக்கணும். முடி வைக்கணும். நடக்க வைக்கணும். நிறைய வேலை இருக்கு."

"ரொம்ப நாள் இழுக்கும் போலிருக்கே."

"அவசரம்னா வேற கடை பாருங்க."

நீதிபதி பொருளைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு, கீழ்ப்பாதிச் சீட்டைப் பத்திரமாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதன்பின் சாகும்வரை, எந்தத் துணி போட வந்தாலும் அந்தச் சீட்டைக் காட்டி "அது ரெடியா?" என்று கேட்பார். "இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்பாள்.

ஆவி அண்ணன் சொன்ன முடிவு வேறு. "எடுத்துட்டுப் போங்க" என்றுதான் அவள் சொன்னாளாம். நீதிபதி தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்விட்டாராம். குழந்தை வீறிட்டு அழ, அவள் வாசலில் நின்று முந்நூறிலிருந்து கத்தினாளாம். அழுகையும் நிற்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. முந்நூற்று நாற்பத்தாறில் நீதிபதி திரும்பி நடந்து வந்தாராம். "அவ கண்ணுல தண்ணி" என்பார் ஆவி அண்ணன். அவர் கண்ணிலும் இருக்கும். தொழில் அப்படி.

நான் தைத்த முடிவு: "அனைவரும் கண்கலங்கி ஒருவரையொருவர் தழுவிக்கொள்ள, அன்பு என்பது பகிரப் பகிரப்

(கத்தரித்துவிட்டேன்.)

எனக்கு இது வெறும் கதைச் சிக்கல் என்று நினைக்காதீர்கள். ரெடி ஆகலை என்றாளா, எடுத்துட்டுப் போங்க என்றாளா என்பது தெரியாமலே ஒருவன் கிழவனாகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தெரிந்தாக வேண்டாமா? அதனால் நேற்று முழுவதையும் டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். எங்கும் குறுக்கிடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நீ அன்னைக்கு என்னதான் சொன்னே?" என்று கேட்டேன்.

டீச்சர் முதலில் செருமிக்கொண்டார். பிறகு:

"டேய், உனக்கு இப்போ பல்லு எத்தனை இருக்கு?"

"பதினொன்னு."

"முடி?"

"காதுல கொஞ்சம்."

"நடை?"

"கம்பு வேணும்."

"அப்ப இன்னும் ரெடி ஆகலை. போனை வை."

10

இதைப் பதில் என்று எடுத்துக்கொள்வதா, பதில் சொல்லாமல் நழுவியது என்று எடுத்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: வைக்கச் சொன்னாரே தவிர, அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் பாட்டுக்கு, முந்நூறு, முந்நூற்றொன்று என்று மெதுவாக ஆரம்பித்தார்.

முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மேல்பாதி இங்கே இருக்கிறது, கீழ்ப்பாதி உங்கள் கையில். கிழிசல் பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் சத்தியம் செய்து கொடுத்த ஆள். கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டேன்.

கடைசியாக, விட்டுப்போன ஒரு சிறு தகவல். கீழே இருந்து அண்ணாந்து பார்த்ததற்குக் காரணம் சொல்கிறேன் என்றிருந்தேன். அன்றைக்கு எனக்குத் தலை நின்று நான்கு நாள் ஆகியிருந்தது.